படிக்கட்டுத் தடுப்புக் கதவு: அழுத்தப் பிடிப்பா, திருகாணியா?

தவழும் குழந்தையிடமிருந்து படிக்கட்டை அடைக்க இரண்டு வகைத் தடுப்புக் கதவுகள் உள்ளன. சுவரில் துளையிடாமல் இருபுறமும் அழுத்தி நிற்கும் வகையைச் சில நிமிடங்களில் பொருத்திவிடலாம். வாடகை வீட்டில் இருப்போர் அதை நாடுவது இயல்புதான். ஆனால், குழந்தை சாய்ந்து உலுக்கும்போது அதன் பிடி நழுவக்கூடும் என்பதாலும், அடியில் குறுக்காக ஓடும் சட்டம் குழந்தையைத் தூக்கிவரும் பெரியவரின் காலையே இடறிவிடலாம் என்பதாலும், படிகளின் மேல்முனையில் அதைப் பொருத்தவே கூடாது. அங்கே, திருகாணியால் சுவரோடு இறுக்கப்பட்டு, படிகளின் பக்கமாகத் திறக்காத கதவுதான் வேண்டும். சுவரில் விழும் துளைகளைப் பிறகு பூசிக்கொள்ளலாம். அறைவாசலுக்கும் படிகளின் அடிப்பகுதிக்கும் அழுத்த வகை போதும், அவ்வப்போது பிடியைச் சரிபார்த்து வந்தால். ஏறத்தாழ 2 வயதில் குழந்தை கதவின் மீது ஏறித் தாண்டக் கற்றுவிட்டால், எந்த வகையாயினும் அதைக் கழற்றிவிட வேண்டும்.