அடுப்படிக்குக் கலர் மாற்றப் போய் 1,40,000 ரூபாய் போச்சு: வேலூர்க்காரர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும், விடு" என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து என்னை அடக்கிவிடுவார்கள். வேலூர், காட்பாடி பக்கம் மாடுலர் கிச்சன், இன்டீரியர் என்று யாருக்காவது அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்களா? தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எங்களுக்குப் போனது 1,40,000 ரூபாய். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

சத்துவாச்சாரியில் எங்கள் வீடு. பில்டர் கொடுக்கும்போதே கிச்சன் முழுக்க வெள்ளை. அலமாரிக் கதவு வெள்ளை, மேடைக்கு மேலே சுவரில் ஒட்டும் டேடோ டைல்ஸ் வெள்ளை, சுவர் வெள்ளை, லைட்டும் பளீர் வெள்ளை. விடிகாலையில் ஸ்விட்சைத் தட்டினால் ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். "அடுப்படின்னா கொஞ்சம் களை வேணாமா" என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கும் அதே எண்ணம்தான். இடித்துக் கட்ட வேண்டாம், சுவரும் பரணும் வெள்ளையாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் சின்ன கிச்சன் இருட்டடித்துவிடும். கீழ்க் கதவுகள் செங்காவி நிறத்தில், மேல் கதவுகள் தேக்கு வெனீரில் (பலகை மேல் ஒட்டும் மெல்லிய நிஜ மரத் தோல்), அடுப்புக்குப் பின்னால் ஆத்தங்குடி டிசைன் போட்ட டைல்ஸ், பித்தளைக் கைப்பிடி, மஞ்சள் வெளிச்சம். அவ்வளவுதான் கேட்டோம்.

நகரத்தில் ஒரு மாடுலர் கிச்சன் ஷோரூம். ஏசி, கண்ணாடிக் கதவு, உள்ளே மாதிரிக்கு நாலைந்து கிச்சன். அங்கிருந்து அளவெடுக்க ஒருவர் வந்தார். நான் ஏமாந்த இடம் ஷோரூம் இல்லை, இவர் பேச்சுதான். மாமியாரின் பழைய பித்தளை அண்டா மூலையில் கிடந்தது. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதைப் போய் மூலையில போட்டிருக்கீங்களே. இதுக்குன்னே ஜன்னல் பக்கத்துல ஒரு ஓப்பன் ஷெல்ஃப் அடிச்சுத் தரேன், காலை வெயில் பட்டா அடுப்படியே மின்னும்" என்றார். அங்கேயே உட்கார்ந்து ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வரைந்தும் காட்டினார். மாமியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தன் அம்மாவும் குடியாத்தத்தில் இப்படித்தான் பாத்திரத்தைப் பொத்திப் பொத்தி வைப்பார் என்றார். காபி குடித்தார். அப்புறம் பையிலிருந்து கையகல பிளைவுட் துண்டு ஒன்றை எடுத்து எங்கள் வாளித் தண்ணீரிலேயே போட்டார். "நான் மறுபடி வர்ற வரைக்கும் இது தண்ணிக்குள்ளயே கிடக்கட்டும்க்கா. ஒரு நூல் உப்பினாலும் ஆர்டரே தராதீங்க."

உப்பவில்லை. அந்தத் துண்டு நல்ல பிளைதான். எங்கள் வீட்டுக்கு வந்த பலகைதான் வேறு.

கொட்டேஷனில் தெளிவாக எழுதியிருந்தது: 18 எம்எம் பிடபிள்யூபி பிளை (தண்ணீர் தாங்கும் ரகம்), தேக்கு வெனீர், பித்தளைக் கைப்பிடி, வார்ம் ஒயிட் ஸ்ட்ரிப் லைட். மொத்தம் 1,95,000. மரம் அறுக்கப் பணம் வேண்டும் என்று 1,40,000 முன்பணமாகக் கேட்டார்கள். "கடை அக்கவுண்ட்ல ஏதோ பிரச்சினை, இந்த நம்பருக்குப் போட்டுடுங்க, பில் மொத்தமா கடைசியில வரும்" என்று ஒரு தனிநபரின் நம்பர் வந்தது. ஒரு லட்சம் ஒரு நாள், மீதி நாற்பதாயிரம் மறுநாள் என்று அனுப்பினோம். அன்றைக்கே ஆட்கள் வந்து பழைய வெள்ளைக் கதவுகளை எல்லாம் கழற்றி, "நாங்களே டிஸ்போஸ் பண்ணிடறோம்" என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவை நல்ல பிளைக் கதவுகள். நிறம்தான் எங்களுக்குப் பிடிக்கவில்லையே தவிர ஒரு கீறல் கிடையாது.

புதுக் கதவு மாட்டிய அன்று கலர் நன்றாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. சித்திரை பிறந்தது, வேலூர் வெயில் தெரியுமே. அடுப்புக்குப் பக்கத்துக் கதவில் தேக்கு மாதிரி தெரிந்த மேல்தோல் ஓரத்திலிருந்து சுருண்டு எழுந்தது. இழுத்தால் பிளாஸ்டிக் தாள் மாதிரி உரிந்து வருகிறது. வெனீராவது ஒன்றாவது, வெறும் ஃபாயில். சிங்க் கீழே இருக்கும் கதவு அடிப்பக்கம் உப்பி இப்போது மூடவே மாட்டேன் என்கிறது. ஒரு கதவின் கீல் ஸ்க்ரூவோடு கழன்று கையில் வந்தது, கூடவே தூள் தூளாகக் கொட்டியது. தெரிந்த ஆசாரி ஒருவரை வேலப்பாடியிலிருந்து கூட்டி வந்தோம். கீல் இருந்த குழியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இது இன்னாம்மா, பிளையே இல்லியே. பார்ட்டிகிள் போர்டு. பிளையா இருந்தா இந்தக் குழியில அடுக்கடுக்கா வரி தெரியும், இதுல பாருங்க, வெறும் மரத்தூள்" என்றார். பித்தளைக் கைப்பிடி என்று மாட்டியதில் ஃபிரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். கப்பென்று ஒட்டிக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டாது, உள்ளே இரும்பு. லைட்டும் அதே பழைய 6500 கே (கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) வெள்ளைதான். அண்டாவுக்கு ஷெல்ஃப் வரவே இல்லை.

இதற்கு 1,40,000 ரூபாய்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "கார்பென்டர் ஊருக்குப் போயிருக்கான்க்கா". பிறகு "ஃபேக்டரியில சொல்லிட்டேன், இந்த வாரம் ஆள் வரும்". ஷோரூமுக்கு நேரில் போனால் "ஓனர் சென்னையில இருக்கார்". அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் பாவம், நம்பரை எழுதி வாங்கி வாங்கி நோட்டே நிறைந்திருக்கும். அளவெடுக்க வந்தவர் மெசேஜைப் பார்க்கிறார், பதில் இல்லை. கடைசியாக மேனேஜர் என்று ஒருவர் பேசினார். "மேடம், நீங்க தண்ணி நிறைய புழங்கறீங்க, தண்ணி பட்டா வாரண்டி கிடையாது" என்றார். அடுப்படியில் தண்ணீர் புழங்காமல் வேறு எங்கே புழங்குவது? வாளியில் பிளைத் துண்டைப் போட்டுக் காட்டியது யார்? கேட்டதற்கு, "பேலன்ஸ் 55,000 கட்டுங்க, அப்புறம் சர்வீஸ் பத்திப் பேசலாம்" என்று வைத்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. மாமியார் அந்தக் காலண்டர் தாளை இன்னமும் பத்திரமாக வைத்திருக்கிறார். அதுவும் இப்போது சாட்சிக்குத்தான்.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தாகிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போக வேண்டும். அதனால்தான் கடை பெயரை இங்கே எழுதவில்லை, கேட்காதீர்கள்.

பார்த்து வாங்க வேண்டியவை என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பிடபிள்யூபி பிளைத் தாளில் ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 710 என்று அச்சு இருக்க வேண்டும், 303 என்றால் அது வேறு ரகம். கதவுக்கு எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டுவதற்கு முன் அறுத்த ஓரத்தைப் போய்ப் பாருங்கள், ஒட்டிவிட்டால் ஒன்றும் தெரியாது. மஞ்சள் வெளிச்சம் வேண்டுமென்றால் பெட்டியில் 2700 அல்லது 3000 கே என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தனிநபர் நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள், கடை பெயரில் ஜிஎஸ்டி பில் கேளுங்கள். புதுக் கதவு வந்து வீட்டில் இறங்கும் வரை பழைய கதவைக் கழற்ற விடாதீர்கள். கழற்றினாலும் கொடுத்து அனுப்பாதீர்கள்.