கையில் சென்சார், காலில் எம்.சி.ஆர். செருப்பு: டைப் 1 சர்க்கரையோடு சில வருட அனுபவம்

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எனக்கு டைப் 1 சர்க்கரை நோய் (உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போகும் வகை) வந்துவிட்டது. இப்போது முப்பதை நெருங்குகிறேன். கண்ணில் லேசர் ஆகிவிட்டது, பாதத்தில் சில இடங்களில் உணர்ச்சி இல்லை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், அதாவது சிறுநீரகம் பழுதாவதன் அறிகுறி, எட்டிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறது. சில வருடங்களாகக் கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சாரும் பயன்படுத்துகிறேன். அதை வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள். பின்விளைவுகள் வந்த பிறகு அதோடு குடித்தனம் நடத்துவது வேறு கதை. நான் எழுதுவது அந்தக் கதையை.

முதலில் கருவி. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், மேல்கையின் பின்பக்கம் ஒட்ட வேண்டும். அதிலிருந்து ஒரு மெல்லிய இழை தோலுக்குள் அரை சென்டிமீட்டர் போல இறங்கும். இழை அளப்பது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அல்ல, செல்களைச் சுற்றியுள்ள திரவத்தில் இருப்பதை. அதனால் சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும் நேரத்தில் ஐந்து, பத்து நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். நான் வாங்குவது 14 நாள் வரும், விலை ஐயாயிரம் ரூபாயை ஒட்டி. மாதம் இரண்டு வாங்க எனக்குக் கட்டுப்படியாகாது. இன்சுலின் டோஸ் மாற்றும்போதும் வெளியூர் போகும்போதும் மட்டும் போட்டுக்கொள்கிறேன். மற்ற நாளெல்லாம் பழைய குளுக்கோமீட்டர்தான்.

கொடுத்த காசு செரிக்கிற இடம் ராத்திரி. பல வருடம் சர்க்கரையோடு இருப்பவர்களில் நிறைய பேருக்கு 'லோ' ஆவதே, அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவதே, தெரியாமல் போய்விடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு எல்லாம் முன்பு முதலிலேயே வந்து எச்சரிக்கும். எனக்கு இப்போது அவை வருவதில்லை, நேராகக் குழப்பம்தான். அம்மா நடுராத்திரியில் எழுந்து என் கழுத்தைத் தொட்டு வேர்த்திருக்கிறதா என்று பார்ப்பார். அந்த வேலையை, சென்சார் போட்டிருக்கும் நாட்களில் இப்போது அது செய்கிறது, 70-க்குக் கீழே போனால் கத்துகிறது. சில நாள் சும்மாவும் கத்தும். சென்சார் இருக்கும் கைமேல் ஒருக்களித்துப் படுத்தால் அந்த இடம் அழுந்தி, இல்லாத 'லோ'வைக் காட்டும். புரண்டு படுத்து விரலில் குத்திப் பார்த்தால் 130 இருக்கும். அப்புறம் வைட்டமின் சி மாத்திரை: அதிக டோஸில் சாப்பிட்டால் சில சென்சார்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். பெட்டிக்குள் இருக்கும் பொடி எழுத்துத் தாளில் இது இருக்கிறது, யார் படிக்கிறார்கள்?

இனி, வாங்கும்போது யாரும் எனக்குச் சொல்லாத விஷயம். சென்சார் வந்ததும் எண் கண்ணெதிரே இருந்ததால் கட்டுப்பாடு தானாக வந்தது. 11-ல் இருந்த ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சில மாதத்திலேயே ஏழு சொச்சத்துக்கு இறங்கியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்தச் சமயம் பார்த்து வலது கண்ணில் கருப்பாக ஒரு நூல் மிதக்க ஆரம்பித்தது. ராத்திரியில் பாதம் எரிந்தது, போர்வை பட்டால்கூட வலி. சர்க்கரை நன்றாக இருக்கும்போது ஏன் இப்படி என்று டாக்டரிடம் கேட்டேன். ரொம்ப நாள் உயரத்திலேயே இருந்த சர்க்கரை மளமளவென்று இறங்கினால், ஏற்கெனவே பழுதான விழித்திரை கொஞ்ச காலத்துக்கு இன்னும் மோசமாகலாம், நரம்பு எரிச்சலும் வரலாம் என்றார். டைப் 1-க்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 1993-ல் முடிவு வெளியான டிசிசிடி ஆய்விலும், கட்டுப்பாட்டை இறுக்கியவர்களில் சிலருக்குத் தொடக்கத்தில் கண் மோசமானதாம். ஆனால் அதே ஆய்வில், கண் பாதிப்பு இல்லாமல் நுழைந்தவர்களுக்கு இறுக்கமான கட்டுப்பாட்டால் புதிதாகப் பாதிப்பு வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. என்னைப் போல ஏற்கெனவே லேசாக இருந்தவர்களுக்கு அது முற்றுவது 54 சதவீதம் குறைந்தது. ஆகவே சர்க்கரையைக் குறைக்கத்தான் வேண்டும். சென்சார் ஒட்டுவதற்கு முன்னால் விழித்திரையைக் காட்டிவிட்டு, எவ்வளவு வேகத்தில் இறக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஹெச்பிஏ1சி 10-க்கு மேல் இருப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

லேசரைப் பற்றிப் பயமுறுத்தியவர்கள் ஏராளம். கண்பாப்பாவை விரிக்க சொட்டு மருந்து, தாடையை ஒரு தாங்கியில் வைத்து அசையாமல் உட்கார வேண்டும், பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடிக்கும். சில அடிகள் மண்டைக்குப் பின்னால் சுரீர் என்று இறங்கும், அவ்வளவுதான். எனக்குக் கண்ணுக்குள் ஊசியும் போட்டார்கள். கேட்க பயங்கரம், உண்மையில் ஊசியைவிட அதற்கு முன் கழுவும் பீட்டாடின்தான் எனக்கு எரிந்தது. லேசர் மிச்சம் வைத்துப் போவது வேறு: பக்கவாட்டுப் பார்வையும் இருட்டில் பார்ப்பதும் குறைகிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஸ்கூட்டி எடுப்பதை விட்டுவிட்டேன். இந்தக் கண்ணோடு சென்சார் செயலியைத் திறந்தால் வெளிறிய சாம்பல் நிறத்தில் மெல்லிசு எழுத்து! சர்க்கரையால் கண் மங்கியவர்கள்தானே இதற்கு முதல் வாடிக்கையாளர்கள்?

கையில் தெரிவதால் வரும் கேள்விகளுக்குப் பழகிவிட்டது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒருநாள் சித்தி, "அத கழட்டிட்டு வாயேன்டி, அப்புறம் ஒட்டிக்கலாம்" என்றார். ஒருமுறை பிய்த்தால் திரும்ப ஒட்டாது. "கழட்டினா ஐயாயிரம் போச்சு சித்தி" என்றதும் சித்தி பேச்சை மாற்றிவிட்டார்.

எம்.சி.ஆர். செருப்பு வாங்கப் போனபோது கடைக்காரர், "வீட்ல பெரியவங்களுக்காம்மா? அளவு கொண்டாந்தீங்களா?" என்றுதான் கேட்டார். நுண்துளை ரப்பரில் செய்த மெத்தென்ற உள்பாகம், பின்வார், விரலிடுக்கில் அழுத்தாத அமைப்பு. அழகு சுமார்தான், பட்டுப்புடவைக்குக் கொஞ்சமும் பொருந்தாது. ஆனால் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, "தெரியுதா?" என்று டாக்டர் கேட்டு, அவர் தொட்டதே தெரியாமல் நான் பேசாமல் இருந்த நாளிலிருந்து இதைத்தான் போடுகிறேன். வீட்டுக்குள்ளும் ஒரு ஜோடி. கோயில்தான் சிக்கல். மதியவேளைப் பிரகாரக் கல்லில் மற்றவர்கள் குதித்துக்கொண்டு ஓடுவார்கள், எனக்குச் சூடே உறைக்காது, கொப்புளம் மட்டும் வீட்டுக்கு வந்தபின் தெரியும். அதனால் விடியற்காலைத் தரிசனம் மட்டும், தடித்த சாக்ஸோடு. ராத்திரி படுக்கும் முன் போனின் முன்பக்கக் கேமராவில் உள்ளங்காலைப் பார்க்கிறேன். கண்ணாடியைவிட இது வசதி, பெரிதாக்கியும் பார்க்கலாம்.

தோள் இறுகிப்போவதும் சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம். இடது தோள் இறுகியிருந்த மாதங்களில் வலது மேல்கையின் பின்பக்கம் எனக்கு எட்டவே இல்லை, அம்மாதான் சென்சாரை ஒட்டிவிட்டார்.

பணம் அளவாக இருந்தால் இப்படிச் செலவழிப்பேன்: முதலில் வருடாவருடம் விழித்திரைப் பரிசோதனையும் சிறுநீர் ஆல்புமின் பரிசோதனையும். அடுத்து செருப்பு, அதன் பிறகு குளுக்கோமீட்டருக்கான ஸ்ட்ரிப். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் மிச்சமாகும் காசை ஸ்ட்ரிப்புக்குத் திருப்பலாம். சென்சார் கடைசி. ஒரு விதிவிலக்கு உண்டு: 'லோ' ஆவது தெரியாதவராக இருந்தாலோ, ராத்திரி தனியாகத் தூங்குபவராக இருந்தாலோ, செருப்புக்கு அடுத்த இடத்தில் அதை வையுங்கள்.