பூட் ஹெல்த் செக் என்று சொல்லி 18,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் கவனம்

கோத்தகிரி பக்கம் முந்தாநாள் ராத்திரி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. காலையில் பசுந்தேயிலை கொள்முதல் கணக்கு ஓடும் சர்வர், ரூட் (அட்மின்) பாஸ்வேர்டு கேட்டபடி எமர்ஜென்சி மோடில், அதாவது முழுதாக பூட் ஆகாமல் பழுது பார்க்க மட்டும் விடும் நிலையில் நிற்கிறது. வாசலில் இலை மூட்டைகள். பாஸ்வேர்டோ கடைக்காரர்களிடம். "பூட் ஆனதும் சர்வர் தன்னைத்தானே சோதிச்சுக்கும்" என்று 18,500 ரூபாய் வாங்கிய அதே கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை.

நம்ப வைத்தது ஒரே நிமிடம்தான். வந்த பையன் கண்முன்னே ஓட்டிக் காட்டினான். டிஸ்க் ஓகே, மவுண்ட் ஓகே, டேட்டாபேஸ் ஓகே என்று பச்சை எழுத்தில் மூன்று வரி. "இனி நிம்மதியா தூங்கலாம்ணா" என்றான். பணத்தை எண்ணிக் கொடுத்தோம்.

நேற்று லைவ் யூஎஸ்பி (பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) போட்டு அந்த ஸ்கிரிப்டைத் திறந்தோம். எழுத்தைத் திரையில் காட்ட மட்டும் செய்யும் எக்கோ வரி மூன்று, கடைசியில் 'வெற்றி' என்று சொல்லி முடிக்கும் எக்ஸிட் 0. அவ்வளவுதான்! எக்ஸிட் 0 வந்தால், லினக்ஸில் பூட்டையும் சர்வீஸ்களையும் நடத்தும் சிஸ்டம்டிக்கு எல்லாம் சரி என்றே அர்த்தம். டிஸ்க் செத்தாலும் பச்சைதான் காட்டும். அதிலும் அந்த ஸ்கிரிப்டை ஓட்டும் சர்வீஸை ஸ்டார்ட் மட்டும் செய்திருக்கிறான், எனேபிள் (ஒவ்வொரு பூட்டிலும் தானே ஓடும்படி) செய்யவில்லை. ரீபூட் ஆனால் அது ஓடவே ஓடாது.

சர்வர் நின்றதற்குக் காரணமும் அவர்கள் வேலைதான். பேக்கப் யூஎஸ்பி டிஸ்க்கை எஃப்எஸ்டேப்பில் (பூட்டில் எந்த டிஸ்க்குகளை இணைப்பது என்ற பட்டியல் ஃபைல்) நோஃபெயில், அதாவது 'டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட்டைத் தொடர்' என்ற சொல் இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். கரண்ட் வந்தபோது அந்த டிஸ்க் எழும்பவில்லை. சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்து எமர்ஜென்சிக்குப் போய்விட்டது. அந்த நிலையில் மல்டி-யூசர் டார்கெட்டில் (சர்வர் வழக்கம்போல முழுதாக எழும் கட்டம்) தொங்கும் எந்தச் சோதனையும் ஓடாது, உண்மையான சோதனையாகவே இருந்தாலும். நோஃபெயில் சேர்த்ததும் சர்வர் எழுந்துவிட்டது. ஒரு சொல்லுக்குத்தான் ஒரு நாள் கொள்முதல் முழுவதும் நோட்டில் எழுத வேண்டியதாயிற்று.

போன் போட்டால் முதலில் "குன்னூர்ல இருக்கேண்ணா, நாளைக்கு வரேன்". பிறகு முதலாளி, "கரண்ட் போனதுக்கு நாங்க என்ன சார் பண்றது? அது ஹார்டுவேர்." ஸ்கிரிப்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. 18,500 ரூபாய்!

விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். காசு கொடுக்கும் முன் உங்கள் எதிரிலேயே ரீபூட் செய்யச் சொல்லுங்கள். டேட்டாபேஸை நிறுத்திவிட்டுச் சோதனையை ஓட்டச் சொல்லுங்கள், சிவப்பு வராவிட்டால் அது சோதனையே இல்லை. யூஎஸ்பி டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு பூட் செய்து பாருங்கள். சிஸ்டம்சிடிஎல் இஸ்-எனேபிள்டு என்ற கமாண்டைச் சர்வீஸ் பெயரோடு கொடுத்தால் எனேபிள்டு என்று வர வேண்டும். ஜர்னல் (சிஸ்டம்டி எழுதும் லாக்) பதிவுகள் /var/log/journal ஃபோல்டரில் சேர்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் முந்தைய பூட்டில் என்ன நடந்தது என்றே தெரியாது. ரூட் பாஸ்வேர்டை அன்றைக்கே வாங்கி மாற்றிவிடுங்கள்.