பேண்ட்வித் தாண்டிவிட்டது என்று பில் வந்தால், முதலில் லாக்கைப் பாருங்கள்

சிறிய அளவில் வெப்சைட் வைத்துக் கடை நடத்துபவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். எங்களிடம் ஹோஸ்டிங் நிறுவனம் பணம் பிடுங்கியதுபோல் உங்களிடமும் பிடுங்கிக்கொண்டிருக்கலாம்.

எங்கள் புடவைக் கடை சைட் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் (சைட்டைத் தன் சர்வரில் வைத்திருக்கும் நிறுவனம்) மாதம் 100 ஜிபி பேண்ட்வித் பிளானில் இருந்தது. பேண்ட்வித் என்றால் சைட்டிலிருந்து போய்வரும் டேட்டாவின் மொத்த அளவு. முகூர்த்த சீசனில் திடீரென்று சைட்டைத் திறந்தால் 509 பிழை. வரம்பு தாண்டிவிட்டதாம், கூடுதல் பணம் கட்டினால்தான் திறப்பார்களாம், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. ஆர்டர் வரும் நேரம், கட்டிவிட்டோம். எதில் இவ்வளவு போனது என்று கேட்டால், "உங்க சைட்டுக்குக் கூட்டம் அதிகம் சார், பெரிய பிளானுக்கு மாறிடுங்க" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. யார் எதை எடுத்தார்கள் என்று சர்வர் எழுதி வைக்கும் பதிவான லாக்கைக் கேட்டோம். தர முடியாது என்றார்கள்.

ஆனால் அதை நாமே எடுக்கலாம். சைட்டை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலில் ரா ஆக்சஸ் என்ற பகுதி இருக்கிறது. அதில் லாக்கைச் சேமித்து வைக்கும் டிக்கைப் போட்டு, போன மாத லாக்கை அழிக்கும் டிக்கை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் மாதம் முடிந்ததும் கையில் எந்த ஆதாரமும் இருக்காது. அடுத்த மாதம் முழுவதும் அப்படிச் சேமித்தோம். சைட்டை அனுப்பும் சர்வர் மென்பொருளான அப்பாச்சியின் லாக்கில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி: யார் கேட்டார்கள், எப்போது, எந்தப் படம், பதில் 200ஆ (கிடைத்தது) 404ஆ (அப்படி ஒன்று இல்லை), அப்புறம் எத்தனை பைட் போனது. அந்தக் கடைசி எண்ணை மட்டும் கூட்டினால் போதும். ஹெடர்கள் (ஒவ்வொரு பதிலோடும் போகும் சிறு தகவல் வரிகள்) அதில் சேராது என்பதால் உண்மையான அளவு கொஞ்சம் கூடும், ஆனால் பல மடங்கு கூடாது. தேடுபொறி பாட்கள் (சைட்டைத் தானாக வந்து படிக்கும் நிரல்கள்) உட்பட எல்லாம் சேர்த்தே எங்களுக்கு வந்தது 22 ஜிபி. அந்த மாதப் பில்லில் இருந்ததோ 118.

மீதி எங்கே என்று, கோப்புகளை ஏற்றி இறக்கும் வழியான எஃப்டிபியின் லாக்கைத் திறந்தோம். தினமும் அதிகாலை ஒரே ஐபி (இணைய முகவரி எண்), ஒரே வரி, சைட்டின் முழு பேக்கப் ஜிப், 3 ஜிபிக்குச் சற்று மேல். அந்த ஐபி யாருடையது என்று பார்த்தால், அதே ஹோஸ்டிங் நிறுவனத்துடையது! தினசரி பேக்கப் என்று எங்களிடம் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு, அந்த பேக்கப்பை அவர்களே இறக்கிய அளவையும் எங்கள் கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள். 30 நாளுக்கு 90 ஜிபிக்கு மேல். கூட்டம் அதிகம் என்று சொன்னது இதைத்தான்.

இரண்டு லாக்கையும் அனுப்பியபோது, விதிமுறையில் அப்படித்தான் இருக்கிறது என்று ஒரு வரிப் பதில். கட்டிய பணம் திரும்பவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறோம். சைட்டை வேறு இடத்துக்கு மாற்றியாயிற்று.

நீங்கள் ரினியூ செய்யும் முன் பேக்கப், மெயில், எஃப்டிபி எல்லாம் பேண்ட்வித்தில் சேருமா என்று மெயிலில் எழுதிக் கேளுங்கள். போனில் சொல்வதை நம்பாதீர்கள். அந்த இரண்டு டிக்கையும் இன்றே சரிபாருங்கள், போன மாத லாக் போனால் போனதுதான்.