வலைக்கூடா, கண்ணாடிப் பெட்டியா? பச்சோந்திக் குஞ்சுக்கு எது நல்லது

போன மாசியில் ஒரு விடியற்காலை, கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மருமகள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். மீன் வளர்க்கிற மாதிரி ஒரு கண்ணாடித் தொட்டி. அடியில் பிளாஸ்டிக் புல், ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர். மூலையில் சுட்டுவிரல் நீளத்துக்கு ஒரு பச்சோந்திக் குஞ்சு, அங்கே பட்டப்பகலில், இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு குச்சியைப் பிடித்தபடி இருந்தது. "மாமா, இது நித்திரையோ?" என்று கேட்டிருந்தாள்.

பச்சோந்தி பகலில் நித்திரை கொள்ளாது. பகலில் கண் மூடியிருந்தால் ஒன்றில் தண்ணீர் போதவில்லை, இல்லாவிட்டால் உடம்பு சரியில்லை. எனக்கு இது பட்டுத் தெரிந்தது. இலண்டனில் இருந்தபோது என் முதல் குஞ்சையும் இதே போன்ற தொட்டியோடுதான் வாங்கினேன். "முழுச் செட்" என்று சொல்லிக் கடையில் கொடுத்தார்கள். நாலாம் மாதம் அதன் முன்னங்கால்கள் வில்லாக வளைந்தன, தாடை ரப்பர் மாதிரி மெதுமெதுவென்று ஆனது. பூச்சி முன்னால் நின்றும் நாக்கை நீட்ட முடியவில்லை. அதற்குப் பிறகு வளர்த்தவை எல்லாம் நன்றாக இருந்தன. ஆனால் அந்த முதல் குஞ்சை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன், யாழ்ப்பாணத்தில் இணுவிலில் இருக்கிறேன். கிணற்றடிக்குப் பக்கத்துக் கிளுவை வேலியில் காலையில் ஓணான் ஏறி இருக்கும். ஓணான் வேறு, பச்சோந்தி வேறு. பச்சோந்தியின் விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இடுக்கி போலக் கிளையைப் பிடிக்கும், கண்கள் தனித்தனியாகச் சுழலும், வால் கிளையைச் சுற்றிக்கொள்ளும். ஆனாலும் அந்த வேலி ஒரு நல்ல அளவுகோல். ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல், இலையில் பனித்துளி, இடையே புகுந்து போகும் காற்று. எதை வாங்கலாம் என்று கேட்டால், அது அந்த வேலிக்கு எவ்வளவு கிட்ட வருகிறது என்றுதான் பார்ப்பேன்.

முதலில் எந்த இனம் என்பது. வெளிநாட்டுக் கடைகளில் பெரும்பாலும் இரண்டுதான் கிடைக்கும். ஒன்று வெயில்ட் (veiled), யேமனும் சவூதியின் தென்மேற்கு மூலையும் அதன் ஊர். தலையில் கொண்டை உயர்ந்து நிற்கும். மற்றது பாந்தர் (panther), மடகாஸ்கரின் வடக்கு, கிழக்குக் கரைகளில் இருந்து வந்தது. நிறத்துக்காகப் பாந்தரை வாங்குகிறார்கள், விலையும் நன்றாகக் கூட. புதிதாகத் தொடங்குகிறவருக்கு வெயில்ட்தான் சரி, சின்னச் சின்னத் தவறுகளைக் கொஞ்சம் தாங்கும். அதிலும் ஆண் குஞ்சாக வாங்குங்கள். பொரித்த நாளிலேயே ஆணுக்குப் பின்னங்காலில் குதிப்பக்கம் ஒரு சிறு முனை இருக்கும், பெண்ணுக்கு இராது. பெண், ஆணோடு சேராமலேயே முட்டை வைக்கும். கூடுதலாகத் தீனி போட்டால் முட்டையும் பெருகும், புதைக்க மண் இல்லாவிட்டால் முட்டை வயிற்றில் தங்கி உயிருக்கே ஆபத்தாகும். எதுவானாலும் வளர்ப்பில் பிறந்ததா என்று கேட்டு, இரண்டு மூன்று மாதம் ஆனதாகப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு குஞ்சை ஒரு கூட்டில் விடவே கூடாது. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருப்பதே அவற்றுக்கு வேதனை.

இனிக் கூடு. வலைக்கூட்டில் நாலு பக்கமும் காற்று போகும், இலையில் விழுந்த நீர் சில மணி நேரத்தில் காயும், பூஞ்சை பிடிக்காது. மீன்தொட்டியில் காற்று தேங்கும். ஈரமும் சூடும் சேர்ந்து நின்றால் மூச்சுநோய் வரும். மருமகளிடம் முதலில் சொன்னது தொட்டியை மாற்று என்பதுதான். ஆனால் கண்ணாடியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். குளிர் நாட்டில் ஹீட்டர் ஓடும் அறையின் காற்று காய்ந்துபோய் இருக்கும், வலைக்கூடு ஒரு மணி நேரத்தில் வறண்டுவிடும். உயரமான கண்ணாடிக் கூட்டில் மேலே முழுக்க வலையும், முன்கதவுக்குக் கீழே காற்றுத் துவாரமும் இருந்தால் மாரியில் அது வலைக்கூட்டைவிடவும் உதவும். நான் இலண்டனில் செய்தது இடைவழி: வலைக்கூட்டின் மூன்று பக்கத்தைக் குளியலறைத் திரையால் மூடி, முன்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் திறந்து விட்டேன். செலவு குறைவு, பலன் நல்லது. குஞ்சுக்கு 40 சென்டிமீட்டர் அகலமும் 50 உயரமும் போதும். வளர்ந்த ஆணுக்கு 60 அகலம், 120 உயரம் வேண்டும். அகலத்தைவிட உயரம் முக்கியம், ஏறி இருந்து கீழே பார்க்கத்தான் அது விரும்பும். உள்ளே பிளாஸ்டிக் செடி வேண்டாம். செவ்வரத்தையும் மணி பிளான்டும் வைக்கலாம், வெயில்ட் இலையையும் கடிக்கும். அடியில் மண் போடாமல் கடதாசி விரித்தால் துப்புரவு செய்யச் சுலபம்.

நான் தோற்றுப்போன இடம் வெளிச்சம். என் முதல் குஞ்சைக் கொன்றது கண்ணாடித் தொட்டி மட்டும் அல்ல, செட்டோடு தந்த அந்தச் சுருள் பல்பும்தான். பச்சோந்தியின் தோலில் வெயிலில் இருக்கும் யூவிபி என்ற புற ஊதாக் கதிர் பட்டால்தான் விட்டமின் டி3 உண்டாகும், டி3 இருந்தால்தான் தின்ற கல்சியம் எலும்பில் சேரும். சுருள் பல்பின் கதிர் சிறு வட்டத்துக்குள் அடங்கிவிடும். T5 என்று விற்கும் நீட்டு டியூப், யூவிபி 5 அல்லது 6 சதவீதம் என்று போட்டிருப்பது, கூட்டின் முழு அகலத்துக்கும் வெளிச்சம் தரும். யன்னலோரம் வைத்தால் வெயில் வருகிறதே என்று மருமகள் கேட்டாள். கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும். அதுதான் ஆபத்து: வெயில் படும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குஞ்சு வெந்துபோக அதிக நேரம் தேவையில்லை. டியூபும் கண்ணுக்கு எரிவது போலவே இருக்கும், கதிர் மட்டும் குறைந்துபோகும். அதனால் வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டும். கூடவே சூட்டுக்குக் கூட்டின் வெளியே, மேலே ஒரு சாதாரண பல்ப். அதன் கீழ்க் கிளையில் 27 முதல் 29 பாகை செல்சியஸ் வரை போதும். குஞ்சின் உடம்பு சின்னது, சீக்கிரம் சூடாகிவிடும். பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், இரவில் முழு இருட்டு. சிவப்பு பல்பும் வேண்டாம், இரவில் கொஞ்சம் குளிர்வதே அதற்கு நல்லது.

தண்ணீர்: கிண்ணமா, சொட்டா? இதில் ஒப்பிட ஒன்றுமில்லை. நின்ற தண்ணீர் பெரும்பாலும் அதன் கண்ணில் படாது, இலையில் உருளும் துளியைத்தான் நக்கும். அடியில் ஊசியால் துளையிட்ட பிளாஸ்டிக் கப்பைக் கூட்டுக்கு மேலே வைத்து இலையில் சொட்ட விடுங்கள். காலையும் மாலையும் இரண்டு நிமிடம் மென்மையாகத் தெளியுங்கள். எச்சத்தில் வெள்ளையாக இருக்கும் பகுதி செம்மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை.

தீனியில் பழ ஈயா, சில்வண்டா என்றால், முதல் வாரங்களில் இரண்டும் வேண்டும். இறக்கை இல்லாத பழ ஈ மெல்ல ஊரும், குஞ்சுக்குப் பிடிக்கச் சுலபம். ஆனால் அதில் சத்துக் குறைவு. கடையில் கிரிக்கட் என்று விற்கும் சில்வண்டுக்கு முதல் நாள் கீரையும் கரட்டும் தின்னக் கொடுத்தால் அந்தச் சத்து குஞ்சுக்கும் போகும். பூச்சியின் நீளம் குஞ்சின் இரண்டு கண்ணுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. டி3 சேராத கல்சியத் தூளைப் பூச்சிமேல் மெல்லத் தூவி ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை கொடுங்கள். டி3 உள்ளதை மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். தின்னாமல் விட்ட சில்வண்டை இரவில் கூட்டில் விடாதீர்கள், அது குஞ்சையே கடிக்கும். வெளியே பிடித்த பூச்சியில் மின்மினி நஞ்சு. இங்கே வெங்காயத் தோட்டத்திலும் புகையிலைத் தோட்டத்திலும் பிடித்த வெட்டுக்கிளியையும் நான் நம்ப மாட்டேன், எந்த நேரம் மருந்து அடித்திருப்பார்கள் என்று தெரியாது.

பக்கத்து வீட்டுப் பெடியன், இங்கேயும் ஒன்றைப் பிடித்து வளர்க்கலாமோ என்று கேட்டான். இலங்கையிலும் ஒரு பச்சோந்தி உண்டு, வில்பத்துப் பக்கத்து உலர்காட்டில் வாழ்வது. அதன் விஞ்ஞானப் பெயரிலேயே நம் நாட்டின் பழைய பெயர் இருக்கிறது. 1937 இல் வந்த விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், காட்டில் பிடித்தது பயத்தில் தின்னாமலே காய்ந்துபோகும். எங்கேயாவது கண்டால் பார்த்துவிட்டு அந்த மரத்திலேயே விடு என்றேன். வேலியை வெட்டி மதில் கட்டாமல் இருந்தாலே ஓணானுக்கும் அரணைக்கும் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

ஸ்காபரோக் குஞ்சுக்கு அன்றே சொட்டுக் கப்பு வைக்கச் சொன்னேன். ஊர்வன பார்க்கும் வைத்தியரிடமும் காட்டினாள், எலும்பில் பாதிப்பு இன்னும் தொடங்கவில்லை என்றாராம். வலைக்கூடும் டியூபும் அந்தக் கிழமையே வந்தன. ஒன்பதாம் நாள் இன்னொரு வீடியோ. செவ்வரத்தை இலையின் நுனியில் ஒரு துளி தொங்குகிறது. குஞ்சு ஒரு கண்ணால் துளியையும் மற்றக் கண்ணால் அவளையும் பார்த்துக்கொண்டு, மெல்ல முன்னுக்குப் போய் நக்குகிறது. கீழே கடதாசியில் எச்சம் வெள்ளையாக இருந்தது.

செத்துப்போகுமோ என்ற பயத்தில் அதுவரை அதற்குப் பெயர் வைக்காமல் இருந்திருக்கிறாள். "மாமா, இனிப் பேர் வைக்கலாமோ?"

"வை பிள்ளை" என்றேன்.