ஆர்டிஎக்ஸ் 3060 வாங்குபவர்கள் கவனத்துக்கு: பில்லில் 12 ஜிபி என்று எழுதி வாங்குங்கள்

தீபாவளி சமயம் கோவையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் என் தம்பிக்குக் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினோம். நாங்கள் கேட்டது என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி மெமரி உள்ளது. வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய கொட்டேஷனிலும் 12 ஜிபி என்றுதான் இருந்தது. பணமும் அதற்குத்தான் கொடுத்தோம். கேபினட்டுக்குள் மாட்டிக் கொடுத்தது 8 ஜிபி கார்டு. அவன் முதல் சம்பளத்தில் சேர்த்து வைத்து வாங்கியது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

3060 வெளிவந்தது 2021 பிப்ரவரியில். அப்போது இருந்தது 12 ஜிபி கார்டு மட்டும்தான். 2022 அக்டோபரில் 8 ஜிபியில் இன்னொன்றை என்விடியா இறக்கியது, பெயரை மாற்றாமலே. கணக்குப் போடும் சின்னச் சின்னக் கோர்கள் இரண்டிலும் 3584தான். ஆனால் மெமரிக்குப் போகும் பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கிவிட்டது. விநாடிக்கு 360 ஜிபி போய்வந்த இடத்தில் 240 ஜிபிதான் போய்வரும். மூன்றில் ஒரு பங்கு அப்படியே போச்சு. பெயரில் இது எதுவும் தெரியாது. கடைக்காரர்களுக்கு வாய்ப்பு கிடைப்பது அங்கேதான்.

"கேபினட்டைக் கொண்டு வாங்கண்ணா, நாங்களே மாட்டித் தர்றோம், கிளீனிங்கும் ஃப்ரீயா பண்ணிடலாம்" என்றார்கள். மறுநாள் போய் எடுத்து வந்தோம். கார்டின் பெட்டியைக் கேட்டதற்கு, "வாரன்ட்டிக்கு நாங்கதானே அனுப்பணும், பாக்ஸ் இங்கேயே இருக்கட்டுங்க" என்று பதில். பில்லில் "ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 1" என்று ஒரே வரி. எத்தனை ஜிபி என்பதும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை. பெட்டியைத் தராததும் பில்லில் விவரம் விட்டதும் தற்செயல் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

தம்பியின் மானிட்டர் 1080பி, 165 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 165 படம் (ஃபிரேம்) காட்டக்கூடியது. அந்த வேகத்துக்கு ஒவ்வொரு ஃபிரேமும் சுமார் 6 மில்லி விநாடிக்குள் தயாராக வேண்டும். வாலரன்ட் கேம் நன்றாகவே ஓடியது. அதற்கு மெமரி பெரிதாகத் தேவையில்லை. பெரிய கேம்களில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படத் தரத்தை) உயர்த்தி வைத்தால்தான் வினை. மூலையில் எஃப்பிஎஸ் எண் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது) நன்றாகவே காட்டும், ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் ஒரு வெட்டு வெட்டும். கார்டின் மெமரி நிரம்பிவிட்டால் மிச்சத்தை சாதாரண ரேமிலிருந்து இழுத்து வர வேண்டும், அது பல மடங்கு மெதுவான வழி. சராசரி எஃப்பிஎஸ்ஸில் இது தெரியாது, விளையாடுகிறவன் கைக்குத்தான் தெரியும். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். பஸ் விட்த் (அந்த மெமரிப் பாதையின் அகலம்) 128 பிட், மெமரி சைஸ் 8192 எம்பி, அதாவது 8 ஜிபி.

கடைக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த பையன் செய்ததை அவசியம் சொல்ல வேண்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் "ஜிபியு மெமரி 15.9 ஜிபி" என்ற வரியைக் காட்டினான். "பாருங்கண்ணா, பன்னெண்டுக்கு மேலயே காட்டுது." அந்த எண் கார்டின் மெமரி இல்லை. கார்டின் 8 ஜிபியோடு, கம்ப்யூட்டரின் 16 ஜிபி ரேமில் பாதியையும் சேர்த்து விண்டோஸ் காட்டும் கூட்டுத்தொகை. பக்கத்திலேயே "டெடிகேட்டட் ஜிபியு மெமரி" என்று தனி வரி இருக்கிறது. அதில் 8.0 என்று இருந்தது. அதைக் காட்டியதும் முதலாளி வந்தார். "3060 கேட்டீங்க, 3060 குடுத்திருக்கோம். பில்லப் பாருங்க." கொட்டேஷனைக் காட்டினால், "அது அன்னிக்கு ஸ்டாக்குங்க" என்றார். கடைசியில் கார்டைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம், ஆனால் 'யூஸ்டு' என்று 3,000 ரூபாய் பிடிப்போம் என்றார். ஒப்புக்கொள்ளவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். கடையிலிருந்து அதே பல்லவிதான் வந்தது. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. நம் ஊர் ஆணையத்திலேயே போடலாம், கடை வேறு ஊரில் இருந்தாலும். எங்கள் பக்கம் இருக்கும் வலுவான சாட்சி அந்த வாட்ஸ்அப் கொட்டேஷன்தான். அதனால் விலையை ஃபோனில் பேசி முடிக்காதீர்கள், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

இது 3060-க்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. ஆர்டிஎக்ஸ் 3050-இல் 8 ஜிபி கார்டுக்கு 2560 கோர், 128 பிட். 2024-இல் வந்த 6 ஜிபி கார்டுக்கு 2304 கோர், 96 பிட். இரண்டும் "3050"தான். பழைய ஜிடிஎக்ஸ் 1060-லும் 3 ஜிபி கார்டில் கோர் குறைவு. ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 580 என்று குறைந்த விலையில் கிடைப்பவற்றில் பல 2048எஸ்பி வகை. உண்மையான 580-இல் 2304 ஷேடர் (கோரைத்தான் இப்படிச் சொல்கிறார்கள்), இதில் 2048, அதாவது அதற்குக் கீழே உள்ள ஆர்எக்ஸ் 570-இல் இருக்கும் அளவுதான். செகண்ட் ஹேண்டில் இன்னும் மோசம். பழைய கார்டின் பயாஸை (கார்டுக்குள்ளேயே இருக்கும் நிரலை) மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் காட்ட வைத்து விற்கிறார்கள். இது பெருகிப்போய், 2018-இல் ஜிபியு-இசட்டிலேயே போலி என்விடியா கார்டைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று காட்டும் வசதியைச் சேர்த்தார்கள்.

கார்டை நீங்கள் பார்க்கும்போதே பெட்டி பிரிக்கப்பட வேண்டும். ஸ்லாட்டில் சொருகும் தங்கநிற முனைகளைப் பாருங்கள். புதுக் கார்டில் அவை பெரும்பாலும் பளிச்சென்று இருக்கும், பலமுறை மாட்டிக் கழற்றியதில் நீளவாக்கில் கோடுகள் விழுந்திருக்கும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஜிபியு-இசட்டை ஓட்டி மெமரி, பஸ் விட்த், ஷேடர் எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். "டைம் ஆகும்" என்று சொல்கிற கடையில் வாங்கவே வேண்டாம். பில்லில் முழு மாடல் பெயர், ஜிபி, சீரியல் எண் மூன்றும் வரவேண்டும். பெட்டி உங்கள் வீட்டுக்கு வரவேண்டும்.

ஏற்கெனவே கடையில் மாட்டி வாங்கி வந்தவர்கள் இன்றைக்கே டாஸ்க் மேனேஜரில் அந்த டெடிகேட்டட் வரியைப் பார்த்துவிடுங்கள். எண் குறைவாக இருந்தால் கார்டின் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் ஜிபியு-இசட் திரையையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு கடைக்குப் போங்கள். நுகர்வோர் ஆணையத்தில் மனு போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு.