அந்தமான் பேக்கேஜ்: எல்லா இடத்துக்கும் கூட்டிப் போனார்கள், ஒன்றையும் காட்டவில்லை

அரையாண்டு விடுமுறைக்கு அந்தமான் போகலாம் என்று பேக்கேஜ் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன டிசம்பரில் நான், கணவர், ஒன்பது வயது மகன், என் மாமியார் நால்வரும் போய்வந்தோம். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போன கதை இல்லை. அப்படியென்றால் போலீசில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். எங்களுக்கு ரூம் இருந்தது, வேன் வந்தது, பட்டியலில் போட்டிருந்த இடங்களில் பெரும்பாலானவற்றின் வாசலில் இறக்கியும் விட்டார்கள். எந்த நேரத்தில் இறக்கிவிட்டார்கள் என்பதில்தான் மொத்த ஏமாற்றும் இருக்கிறது.

சென்னையில் இருக்கும் நிறுவனம். இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்துப் பேசினோம். போனில் பேசிய பையன் வாய்க்கு வாய் "அக்கா" என்பான். "அம்மாவுக்கு வீல்சேர் வேணுமாக்கா, நான் பாத்துக்கறேன்" என்று அவனாகவே கேட்டபோது யாருக்குத்தான் சந்தேகம் வரும்? கிளம்புவதற்கு முன்பே முழுப் பணமும் கட்டச் சொன்னார்கள். வாட்ஸாப்பில் வந்த பிடிஎஃப்பில் ஒவ்வொரு நாளுக்கும் நாலைந்து இடங்கள், கலர் கலராகப் படங்கள். நேரம் மட்டும் எங்கும் இல்லை. கேட்டதற்கு, "அங்க ஃபெர்ரி டைமைப் பொறுத்து அட்ஜஸ்ட் பண்ணுவோம்க்கா" என்றான்.

போர்ட் பிளேர் (2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், ஊருக்குள் இன்னும் பழைய பெயர்தான்) போய் இறங்கியதும் முதல் இடம் செல்லுலார் சிறை. அத்தை இதற்காகவே வந்தவர். சுதந்திரப் போராட்டக் கைதிகளை மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டிய இடம், தனித்தனிக் கொட்டடி, 1906இல் கட்டி முடித்த ஏழு சிறகுகளில் இன்று மிஞ்சியிருக்கும் மூன்று, இதையெல்லாம் பேரனுக்குக் காட்ட வேண்டும் என்று வீட்டிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். வேன் எங்களை அங்கே சேர்த்தபோது மூடும் நேரம் நெருங்கிவிட்டது. தூக்குமேடைப் பக்கம் போவதற்குள் காவலர் விசில் ஊதிவிட்டார். "பரவாயில்ல, ராத்திரி ஒலி ஒளிக் காட்சி இருக்கே" என்று சமாதானம் ஆனோம். அதற்கு வாங்கி வைத்திருந்த டிக்கெட் ஹிந்திக் காட்சிக்கு. ஆங்கிலக் காட்சி தனியாக உண்டு, அதற்கும் முன்கூட்டியே டிக்கெட் எடுக்கலாம். சென்னையிலிருந்து தமிழ்க் குடும்பங்களை மட்டுமே அழைத்துவரும் ஒரு நிறுவனத்துக்கு இது தெரியாதா? எது எளிதாகக் கிடைத்ததோ அதை எடுத்திருக்கிறார்கள். அத்தை முழுக் காட்சியும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது.

அடுத்து ஹேவ்லாக் தீவு, அதாவது ஸ்வராஜ் தீவு. பிடிஎஃப்பின் அட்டைப் படமே ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதுதான். காலை ஃபெர்ரி என்று சொல்லியிருந்தார்கள், டிக்கெட்டோ மதியப் படகுக்கு. ரூமில் பையைப் போட்டுவிட்டு வேனுக்காகக் காத்திருந்தோம். வேன் வந்தது 4.45க்கு. படகுத்துறையிலிருந்து ராதாநகர் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எதிரே ஆட்கள் துண்டை உதறிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். சூரியன் போய்விட்டது. கடலில் நின்றவர்களை உயிர்காப்பாளர்கள் விசிலடித்துக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள்.

இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். அந்தமானில் தனிக் கடிகாரம் கிடையாது, நம்முடைய அதே இந்திய நேரம்தான். அந்த நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது. அந்தமான் தீவுகள் ஏறத்தாழ 92, 93 டிகிரியில், மியான்மருக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அதனால் எல்லாமே நம் கடிகாரத்துக்கு முந்தி நடக்கும். டிசம்பர் கடைசியில் சென்னையில் சூரியன் மறைய 5.45 தாண்டிவிடும். அங்கே 5 மணியை ஒட்டியே மறைந்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் நல்ல இருட்டு. காலையில் அதேபோல் 5.30 மணிக்கெல்லாம் விடிந்துவிடும். "மாலை சன்செட்" என்று பொதுவாகப் போட்டு விற்பவர்களுக்கு இது மனப்பாடம். நமக்குத் தெரியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். மறுநாள் காலையில் திரும்ப அழைத்துப் போகச் சொன்னோம். வேன் டிரைவர், பாவம், அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த வங்காளிப் பையன், போனை என்னிடமே கொடுத்துவிட்டான். "அது எக்ஸ்ட்ரா ட்ரிப்புக்கா" என்றது சென்னைக் குரல்.

எலிஃபன்ட் பீச்சில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "ஸ்நார்க்கலிங் எங்கள் அன்பளிப்பு" என்று பிடிஎஃப்பில் இருந்தது. முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, மிதந்தபடியே கடலுக்குள் பார்ப்பதுதான் ஸ்நார்க்கலிங். படகுத்துறையில் கேட்டால், படகு டிக்கெட் எடுக்கும் எல்லோருக்குமே ஒரு சுற்று ஸ்நார்க்கலிங் அதற்குள்ளேயே அடக்கம். அந்தச் சுற்று எப்படி என்றால், ஒரு ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கரையோரமாகவே ஒருவர் இழுத்துப் போவார். தலையை உள்ளே விட்டால் சாம்பல் நிறத்தில் உடைந்த பவளத் துண்டுகள். 2010இல் கடல்நீர் சூடேறி அந்தமான் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. கரையோரத்தில் ஆட்கள் மிதிப்பது வேறு. கொஞ்சம் தள்ளிப் போனால் உயிருள்ள பவளம் இருக்கிறது, அதற்குத் தனிக் காசு. போட்டோ, வீடியோவுக்குத் தனிக் காசு. நெட்வொர்க் சரியாக இல்லாததால் ஜிபே ஓடாது, எல்லாம் ரொக்கம், பில் கிடையாது. மகன் ஆசைப்பட்டதால் கொடுத்தோம். மஞ்சள் கோடு போட்ட மீன்களைப் பார்த்துவிட்டு அவன் கத்திய கத்தலுக்கு அந்தப் பணம் தகும், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது நிறுவனம் கொடுத்த அன்பளிப்பு இல்லை.

நீல் தீவின் இயற்கைப் பாறைப் பாலத்துக்குக் கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கூட்டிப் போனார்கள். அலை இறங்கியிருந்தால்தான் பாறைகள் மேல் நடந்து பாலத்துக்கு அடியில் போக முடியும். ஓதம், அதாவது கடல் மட்டம், ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்கும், அடுத்த நாள் கிட்டத்தட்ட 50 நிமிடம் தள்ளிப்போகும், அட்டவணை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தூரத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

இதுவரை நடந்ததை எரிச்சல் என்று விட்டிருப்பேன். ஸ்கூபா (காற்று உருளையை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகும் டைவ்) விஷயத்தை அப்படி விட முடியவில்லை.

ஹேவ்லாக்கில் ஸ்கூபா என்று சொல்லித்தான் விற்றார்கள். அங்கே போனதும், "அங்க ஸ்லாட் ஃபுல்லாகிடுச்சுக்கா, போர்ட் பிளேர்ல நார்த் பே-யில போட்டுத் தரேன், பழைய 20 ரூபாய் நோட்டுல வர்ற லைட்ஹவுஸ் இருக்கே, அந்த இடம்" என்றான். எந்த நாள் தெரியுமா? கடைசி நாள் காலை 8 மணிக்கு. எங்கள் விமானம் அன்று மதியம்.

என் தம்பி புதுச்சேரியில் டைவிங் கற்றவன். முந்தின நாள் இரவு போனில் சும்மா பேசிக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். அவன் கத்திவிட்டான். "அக்கா, டைவ் முடிச்சு அன்னைக்கே ஃப்ளைட் ஏறவே கூடாது!" அழுத்தம் கூடிய நீருக்கடியில் மூச்சுவிடும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. அது மெதுவாக வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விமானத்தில் ஏறினால், கேபினில் அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுபோய்விடக்கூடும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் தரையில் இருக்க வேண்டும் என்பதுதான் டைவிங் உலகில் எல்லோரும் சொல்லும் கணக்கு.

சரி, நாங்கள் டைவ் பண்ணவில்லை, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று மறுநாள் காலை போனோம். அங்கே இன்னொன்று தெரிந்தது. டைவ் செய்பவர்கள் உடல்நிலை பற்றி ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று. என் கணவர் தினமும் பி.பி. மாத்திரை சாப்பிடுபவர், அவருக்கு டாக்டர் சான்றிதழ் கேட்க வேண்டும். படிவத்தை நீட்டியவர் எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்திடம் சொன்னது என் காதில் விழுந்தது: "எல்லாத்துக்கும் நோ போடுங்க மேடம்." பையனின் வயதையும் யாரும் கேட்கவில்லை. உலகத்தில் அதிகம் பேர் டைவிங் பயிலும் PADI (பாடி) என்ற அமைப்பின் முறைப்படி, கடலில் இந்த அறிமுக டைவுக்குப் பத்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். பிடிஎஃப்பில் எங்கள் நால்வருக்கும் சேர்த்து ஸ்கூபா போட்டிருந்தது. அத்தைக்கும்தான்!

மறுத்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நீங்களா வேண்டாம்னு சொன்னா ரீஃபண்ட் கிடையாது, டெர்ம்ஸ்ல இருக்கு." அதுவரை மணிக்கொரு தரம் "அக்கா" என்றவன் அன்றைக்கு "மேடம்" ஆக்கிவிட்டான்.

பாராடாங் பயணத்தைக் கூடுதல் கட்டணத்தில் "ஆப்ஷனல்" என்று வைத்திருந்தார்கள். சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை, அலையாத்திக் காட்டுக்குள் படகுப் பயணம் என்று உண்மையிலேயே நல்ல இடம் அது. ஆனால் அதற்குக் கீழே "வழியில் ஜாரவா பழங்குடியினரைப் பார்க்கலாம்" என்று ஒரு வரி. ஜாரவா மக்களின் காப்புக்காட்டை ஊடறுத்துப் போகும் சாலை அது. ஜிர்காடாங் சோதனைச்சாவடியிலிருந்து போலீஸ் பாதுகாப்போடு வண்டிகளை வரிசையாகத்தான் விடுவார்கள். நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வழக்கே போடலாம். மனிதர்களை மிருகக்காட்சி மாதிரிப் பட்டியலில் போட்டு விற்கிறவன் வேறு எதில் நேர்மையாக இருப்பான்? அந்த வரியைப் பார்த்தால் அந்த நிறுவனத்தோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நம்பகமான பேக்கேஜ்காரர்களும் இருக்கிறார்கள், எங்கள் ஹோட்டலில் தங்கியிருந்த கோயம்புத்தூர்க் குடும்பம் அப்படி ஒருவரிடம் வந்திருந்தது. அவர்கள் கையில் இருந்த தாளில் ஒவ்வொரு இடத்துக்கு எதிரிலும் மணி போட்டிருந்தது. ஃபெர்ரி டிக்கெட்டுகளும் அவரவர் பெயரில் முன்பே போனுக்கு வந்திருந்தன. பணம் கட்டும் முன் இந்த இரண்டையும் கேளுங்கள். ஸ்கூபாவுக்கு இடையில் யாரும் வேண்டாம், டைவ் சென்டரிடம் நேரடியாகப் பேசுங்கள், பயணத்தின் முதல் பாதியில் வைத்துக்கொள்ளுங்கள். தீவுகளுக்கு ரொக்கம் எடுத்துப் போங்கள். போர்ட் பிளேரில் அபெர்டீன் பஜார் பக்கம் தமிழ் பேசும் ஆட்டோக்காரர்களும் கடைக்காரர்களும் நிறையப் பேர். சந்தேகம் என்றால் அவர்களிடம் கேளுங்கள், ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள். கடற்கரையில் விற்கும் பவளத் துண்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பவளம் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, விமான நிலையச் சோதனையில் மாட்டுவீர்கள்.

திரும்பி வந்ததும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்தோம். நிறுவனத்திலிருந்து உடனே போன் வந்தது: அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி கூப்பன் தருகிறார்களாம். இன்னொரு முறை இவர்களோடா? வேண்டாம் என்றுவிட்டோம். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், சென்னைக்கோ அந்தமானுக்கோ அலைய வேண்டியதில்லை. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. பிடிஎஃப், வாட்ஸாப் உரையாடல், பணம் கட்டிய ரசீது, ஃபெர்ரி டிக்கெட், போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் இணைத்தோம். ராதாநகரில் இருட்டில் எடுத்த போட்டோவில் நேரம் பதிவாகியிருந்தது, அதையும் சேர்த்தோம்.

நிறுவனத்தின் பெயரை விசாரணை முடியும்வரை பொதுவில் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு வந்த பயணத் திட்டம் கையில் இருந்தால் அனுப்புங்கள். ஓத அட்டவணையும் சூரியன் மறையும் நேரமும் என்னிடம் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.